கழுகின் கால்சங்கிலி

கழுகுல ஏதோ தப்புங்ணா என்று மட்டும் சொல்லிவிட்டுக் கம்பெனிப் பையன் பிரகதீஷ் போனை வைத்துவிட்டான். பாவிப்பயல், என்ன தப்பென்று சொல்லிவிட்டு வைத்தால் குறைந்தா போவான். பயர் இன்னொரு லைன்ல இருக்கறாருங்ணா, முழுசாக் கேட்டுக்கிட்டுக் கூப்பிடறேன், நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க என்று ஒரு வால் வேறு. வெசனப்படாதே என்று யாராவது சொன்னால்தான் சென்னியப்பனுக்கு வெசனமே ஆரம்பிக்கும். கோவில்வழி ஸ்டாண்டில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது, இதோ கிளம்புகிறேன் இதோ கிளம்புகிறேன் என்று பாவலா காட்டிக்கொண்டு. போனைச் சட்டைப்பையில் போட்டு, அது உள்ளே இருக்கிறதா என்று ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் திரும்பினார். ஜன்னலோரம் மகள் கோகிலவாணி உட்கார்ந்திருந்தாள், மடியில் துணிப்பை, பையின் மேல் இரண்டு கையும். ஆடி நோம்பிக்கு வந்தவள், ஆவணி பிறந்தும் புருசன் வீட்டுக்குப் போகவில்லை. இன்றைக்கு நாள் நன்றாக இருக்கிறது, கொண்டுபோய்க் குண்டடத்தில் விட்டுவிட்டு வந்துருங்க என்று மனைவி ருக்மணி காலண்டரைப் பார்த்துச் சொல்லி, அப்பனையும் மகளையும் தாட்டிவிட்டாள். மாப்பிள்ளை சபரிநாதன் பஸ் ஸ்டாப்புக்கே வண்டி எடுத்துக்கொண்டு வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் பேசி முடித்தாகிவிட்டது. மகள் மட்டும்தான் பேசவில்லை. வரமாட்டேன்னு சொல்லிருங்கப்பா என்று ஒரே ஒரு தரம் சொன்னாள், வந்த அன்றைக்கு. அதற்குப் பிறகு அதையும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்றுதானே அர்த்தம். அப்படித்தான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், சென்னியப்பனும் எடுத்துக்கொண்டார், எடுத்துக்கொண்டது தொண்டையிலேயே நிற்கிறது என்பது வேறு விஷயம்.

சரி, கழுகில் என்ன தப்பு இருக்க முடியும். கண்டக்டர் வந்து குண்டடத்துக்கு இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போக, பஸ் ஒருவழியாக நகர்ந்தது. சென்னியப்பன் கண்ணை மூடிக் கழுகை வரவழைத்தார். அது வருவதற்கு என்ன, இந்த ஒரு மாசமாக அவர் கண்ணை மூடினால் கழுகும் சிங்கமும்தான். அவர் பஞ்சிங் மாஸ்டர். எம்ப்ராய்டரி மிஷினுக்குப் படம் சொல்லிக் கொடுக்கிற வேலை: ஊசி எங்கே இறங்கணும், எங்கே ஏறணும், எங்கே தாவணும் என்று கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக வைத்துக் கொடுத்தால் மிஷின் அதைப் பனியனின் நெஞ்சில் தைத்துவிடும், தப்பாகச் சொன்னால் தப்பையும் அதே அழகோடு தைக்கும். ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விற்கிற கடைக்காரர் ஒருவர், ஒவ்வொரு நாட்டின் அரசாங்கச் சின்னத்தையும் நெஞ்சில் தைத்த காலர் பனியன் கேட்டு ஆர்டர் கொடுத்திருந்தார், அவர்தான் பயர். நாட்டுக்கொரு சின்னம், சின்னத்துக்கொரு மிருகம். அதில் ஆஸ்திரியா என்கிற நாட்டுக்குக் கறுப்புக் கழுகு. சாமியைப் பார்ப்பவன் பாதத்திலிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும் என்பார்கள், இது சாமியா என்ன, அவர் தலையிலிருந்தே ஆரம்பித்தார். தலை நம் இடது கைப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், திரும்பியிருக்கிறது. கிரீடம் ராஜா கிரீடம் இல்லை, கோட்டைச் சுவர் மாதிரி மூன்று பல் வைத்தது, வைத்தாயிற்று. வாய் திறந்து சிவப்பு நாக்கு வெளியே. நெஞ்சில் ஒரு கேடயம், மேலும் கீழும் சிவப்பு, நடுவில் வெள்ளை. ஒரு காலில் தங்க அரிவாள், ஒரு காலில் தங்கச் சுத்தி. அதைப் பார்த்துவிட்டுத்தானே மிஷின் ஓட்டுகிறவன், ஏனுங் மாஸ்டர், இந்தக் கழுகும் நம்ம யூனியன்ல சேந்துருச்சுங்களா என்று சிரித்தான். அரிவாள் காட்டுக்காரனுக்கு, சுத்தி தொழிலாளிக்கு, கோட்டைக் கிரீடம் டவுன்காரனுக்கு என்று பிரகதீஷ் எங்கேயோ படித்துச் சொன்னான். ஒருவேளை அரிவாளும் சுத்தியும் கால் மாறிவிட்டதோ. இல்லை, அரிவாள் நம் இடது கைப் பக்கம், நன்றாக ஞாபகம் இருக்கிறது. சிவப்பு நூல் மாறிப்போயிருக்குமோ, குங்குமச் சிவப்புக்குப் பதிலாகச் செங்கல் சிவப்பை மாட்டித் தொலைத்தானோ. அப்படியென்றால் அது என் தலையில் விடியாது என்று நினைத்தவுடன் ஒரு சந்தோஷம், சந்தோஷப்பட்டதற்கு ஒரு வெட்கம்.

அப்பா, தண்ணி வேணுமா என்றாள் வாணி. வேண்டாம் சாமி, நீ குடி என்றார். அவள் குடிக்கவில்லை, பாட்டிலைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டாள். பை சின்னப் பை. வரும்போதும் அந்தப் பைதான், ரெண்டு சேலையும் ஒரு சுடிதாரும், கல்யாணமாகிப் போனவள் நோம்பிக்கு வருகிற பையா அது, அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் சொல்லியிருப்பாள். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய், சென்னியப்பா. அந்தக் கேள்வியைக் காற்றாலைகள் பக்கம் திருப்பிவிட்டார். கொடுவாய் தாண்டினாலே ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாலைகள் வந்துவிடுகின்றன, சிலது சுற்றுகிறது, சிலது முறைத்துக்கொண்டு நிற்கிறது. ஐரோப்பாக்காரன் சின்னங்களில் சுற்றுகிறது எதுவும் இல்லை, எல்லாம் முறைக்கிறதுதான். நார்வேக்காரனுக்குச் சிங்கம், அதன் கையில் கோடாலி. அந்தக் கோடாலியால்தான் அவங்க ராஜாவையே வெட்டினாங்களாம்ங்ணா என்றான் பிரகதீஷ். ராஜாவை வெட்டின கோடாலியைச் சிங்கம் கையில் கொடுத்துக் கும்பிடுகிறார்களே, இது என்ன கூத்து என்று இரண்டு நாள் யோசித்தார். பின்லாந்துச் சிங்கம் ஒரு கத்தியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கத்தியை மிதித்துக்கொண்டு நிற்கிறது. செக் நாட்டுச் சிங்கத்துக்கு ரெண்டு வால், ஒரு வாலை வைத்துக்கொண்டே நாம் படுகிற பாடு போதாதா. அல்பேனியாக் கழுகுக்கு ரெண்டு தலை, ஒன்று அந்தப் பக்கம் பார்த்தால் ஒன்று இந்தப் பக்கம் பார்க்கிறது, ஓடிப் போகவும் வழியில்லை ஒளிந்துகொள்ளவும் வழியில்லை. எல்லாவற்றுக்கும் நாக்கு வெளியே, நகம் வெளியே. பயந்தவன்தான் இத்தனை பல்லைக் காட்டுவான், பயமில்லாத மிருகம் படுத்துத் தூங்கும். நமக்கெல்லாம் ஒரு சின்னம் வைத்தால் என்ன வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு வைக்கச் சொன்னால் நான் பஞ்ச் பண்ணிக் கொடுப்பேன்: ஒரு கேடயம், அதில் ரெண்டு தென்னை மரம், நடுவில் ஒரு இரும்புக் கதவு, கதவுக்கு வெளியே தாழ்ப்பாள். வெளியே. நினைப்பு அங்கே போய்க் கால் இடறியது, இடறின இடத்திலேயே நின்றது.

வெளியே தாழ் போட்டுட்டுப் போறாங்கப்பா என்று அவள் முதல் வருசமே போனில் சொன்னாள். அதற்கு இவர் என்ன சொன்னார். சிரித்தார். அட, தோட்டத்து வீடு அம்மணி, திருட்டுப் பயமா இருக்கும், உன் பாதுகாப்புக்குத்தான் செய்யறாங்க என்று சிரித்தார். உள்ளே இருக்கிற ஆளுக்குத் திருட்டுப் பயம் என்றால் உள்ளேதானே தாழ் போடுவார்கள், இது சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியுமே, போனை வைத்தபிறகு அவருக்கும் தெரிந்தது, தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு ஒரு வருசம் ஓட்டிவிட்டார். போனையும் அவங்கம்மாவே வெச்சுக்கறாங்கப்பா, நீங்க கூப்பிட்டா மட்டும் குடுக்கறாங்க. சரி, வயசானவங்க. எங்க போனாலும் எதுக்குப் போனேன்னு மூணு தரம் கேக்கறாங்கப்பா. சரி, அக்கறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சரி வைத்துத் தைத்துக்கொண்டே வந்தார், கிழிசலுக்கு ஒட்டுப் போடுகிற மாதிரி. ருக்மணி ஒரு படி மேலே போய், கட்டிக் குடுத்தாச்சு, இனி அங்கதான் அவ வாழ்க்கை, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, வந்து ஒரு மாசமாச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரி விரலை மடக்கிட்டிருக்கறா என்றாள். ருக்மணியைச் சொல்லிக் குற்றமில்லை, அவளும் ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுக்கிறாள். பயம். இந்த வீட்டில் எல்லாருக்கும் பயம். மாப்பிள்ளை ஒரு வார்த்தை சத்தமாகப் பேசுகிறவர் இல்லை, ஏனுங் மாமா சவுக்கியங்களா என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார், அந்தப் பிடிதான் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், விடுகிற நேரம் தாண்டியும் விடாது. போன் அதிர்ந்ததா. தொட்டுப் பார்த்தார். இல்லை, பஸ்தான் அதிர்கிறது.

கோணலாக ஏதாவது இருந்ததை நிமிர்த்திவிட்டோமோ. அந்தப் பாடம் ஏற்கெனவே படித்தாயிற்று. ஹங்கேரி நாட்டுச் சின்னத்துக்கு மேலே ஒரு கிரீடம், கிரீடத்து உச்சியில் ஒரு சிலுவை, அந்தச் சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். முதல் சாம்பிளில் அதைப் பார்த்த மாத்திரத்தில் நிமிர்த்திவிட்டார், எவனோ கோணலாக வரைந்து அனுப்பியிருக்கிறான் என்று. திரும்பி வந்துவிட்டது. அது கோணல்தானுங்ணா, கிரீடம் என்னைக்கோ அடிபட்டு வளைஞ்சுபோச்சாம், வளைஞ்சதை வளைஞ்ச மாதிரியே வெச்சுக்கிட்டாங்களாம், நிமுத்தினா அது அவங்க கிரீடமே இல்லையாம் என்றான் பிரகதீஷ். சரி கண்ணு, இனிக் கோணலைத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். சொன்னபடி தொடவும் இல்லை. ஆஸ்திரியாக் கழுகில் அவர் கை வைத்தது ஒரே ஒரு இடத்தில், அதுவும் ரிப்பேர், அதற்காக அவரைக் கும்பிட வேண்டும். கழுகின் இரண்டு காலிலும் இரும்பு வளையம், வளையத்திலிருந்து சங்கிலி. வந்திருந்த படம் அரிசி மாதிரிச் சின்னது, அதில் நடுவில் சங்கிலி விட்டுப்போயிருந்தது. இந்தக் காலிலிருந்து ரெண்டு கண்ணி தொங்குகிறது, அந்தக் காலிலிருந்து ரெண்டு கண்ணி தொங்குகிறது, நடுவில் காலி. படத்தைச் சிறுசாக்கும்போது கோடு அழிந்துபோயிருக்கும், எத்தனை படத்தில் பார்த்திருக்கிறார். நடுவில் அவரே கண்ணி வரைந்து சேர்த்தார். சேர்த்ததில் ஒட்டுத் தெரியவில்லை, அவ்வளவு சுத்தம். அறுந்ததைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. பஞ்சிங் படிப்பதற்கு முன்னால் நூல் மில்லில் சைடர் வேலை. வரிசையாக ஓடுகிற, நூல் சுற்றுகிற கதிர்களில் எங்கே நூல் அறுகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்து, அறுந்த இடத்தில் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து ஒரு முறுக்கு, அவ்வளவுதான், ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கும் சும்மா உட்கார்ந்தால் அந்த ரெண்டு விரலும் தானாக முறுக்கும். எம்ப்ராய்டரிக்கு வந்தால் இங்கேயும் அதே கதை, நூல் அறுந்தால் மிஷின் நின்று சிவப்பு விளக்கு எரியும், ஒட்டுகிற வரைக்கும் எரியும். பிறந்ததிலிருந்து ஒட்டிக்கொண்டே இருக்கிற பிறவி. இப்போதும் தொடை மேல் விரல்கள் முறுக்கிக்கொண்டிருந்தன.

அதே வாரம்தான் இன்னொரு சங்கிலியையும் ஒட்டினார். இதை நினைக்க வேண்டாம் என்றுதான் கழுகையே நினைத்துக்கொண்டிருந்தார், கழுகு கொண்டுவந்து இங்கேயே விட்டுவிட்டது. நோம்பிக்கு முந்தின நாள் மத்தியானம் வாணி வாசலில் வந்து நின்றாள், ஒரு துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு. உள்ளே வந்து துண்டை எடுத்தால் கழுத்து வெறுங்கழுத்து. ருக்மணி ஐயோ என்று போட்ட சத்தத்தில் அடுப்படியில் இருந்த பூனை ஓடியது. கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினாள், தாலிக்கொடி இரண்டு முனையாகக் கிடந்தது. அறுந்துருச்சுப்பா என்றாள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவே இல்லை, ஆத்தா சத்தியமாகக் கேட்கவில்லை. முதல் வேலையாக மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக் கழுத்தில் கட்டினாள் ருக்மணி, கொடியை இவர் கையில் கொடுத்து, பத்தவெச்சுட்டு வாங்க, ஒரு ராத்திரி தங்கக் கூடாது என்றாள். ஆசாரி கொடியைக் கையில் வாங்கி, முனையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இது தேஞ்சு அறுந்ததில்லீங்க என்று ஆரம்பித்தார். சரி சரி, பத்தவெச்சுக் குடுங்க, அவசரம் என்றார் சென்னியப்பன். இல்லீங்க, இழுத்து அறுந்த மாதிரியும் தெரியலீங்க, முனை பாருங்க. வேலையைப் பாருங்க ஆசாரி என்று கொஞ்சம் கடுப்பாகவே சொல்லிவிட்டு வெளியே வந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேய்ந்தும் அறுபடவில்லை, இழுத்தும் அறுபடவில்லை என்றால் பிறகு எப்படி. ரோட்டில் ஒரு லாரி போனது, அதன் நம்பரைப் படித்தார், அடுத்த லாரியின் நம்பரைப் படித்தார். சாயங்காலம் கொடியைக் கொண்டுவந்து கொடுக்க, ருக்மணி மகள் கழுத்தில் மாட்டினாள். வாணி கழுத்தைக் குனிந்து காட்டினாள். அன்றைக்கு ராத்திரி அவர் நிம்மதியாகத் தூங்கினார், ஒட்டியாகிவிட்டது அல்லவா, சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது அல்லவா. இப்போது பஸ் காற்றில் வாணியின் சேலைத் தலைப்பு விலகிக் கொடி தெரிந்தது. பார்த்தார். பார்க்காத மாதிரி முன் சீட்டுக் கம்பியைப் பார்த்தார்.

போன் அடித்தது. "ஏனுங்ணா, ஆஸ்திரியாக் கழுகுக்குக் காலுல சங்கிலி போட்டீங்களே," என்றான் பிரகதீஷ். "ஆமா கண்ணு, படத்துல இருந்துச்சே." "இருந்துச்சுங்ணா. ஆனா அறுந்தாப்புல இருந்துச்சு. நீங்க எதுக்கு ஒட்டுனீங்க?" பஸ்ஸின் சத்தம் எல்லாம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. "அறுந்திருந்துச்சு கண்ணு, அதான் ஒட்டுனேன்," என்றார், வேறு என்ன சொல்ல. "ஐயோ, அறுந்திருக்கறதுதாங்ணா அவங்க சின்னமே. பக்கத்து நாட்டுக்காரன் ஒருத்தன் அந்த நாட்டையே முழுங்கி வெச்சிருந்தானாம். அவன்கிட்டருந்து தப்பிச்சு வந்த வருசம், கழுகு காலுல அறுந்த சங்கிலியப் போட்டாங்களாம். நாம ஒட்டி அனுப்புனா அவங்களை மறுபடியும் கட்டிப் போட்டாப்புல இருக்குதாம். பயர் அப்படிக் குதிக்கறாருங்ணா. சாம்பிள்ல யாரும் கவனிக்கலை, இப்பத்தான் பாத்திருக்கறாங்க." வேலை போய்விடுமா, லாட் முழுக்கத் தள்ளிவிடுவார்களா என்று கேட்கச் சென்னியப்பனுக்கு வாய் வந்தது, வந்த வாய் வேறெதையோ கேட்டது: "ஏங்கண்ணு, அப்ப அவங்க அதை ஒட்டவே இல்லியா? வளையத்தையாவது கழட்டியிருக்கலாமே?" "அதெல்லாம் எனக்கெப்படிங்ணா தெரியும். காலுல வளையம் இருக்கோணும், சங்கிலி அறுந்திருக்கோணும், அவ்வளவுதான். நடுவால ஒட்டுன கண்ணிய மட்டும் பிரிச்சு எடுத்துரலாமுங்களா?" "பிரிக்கலாம். துணியில ஊசி எறங்குன துவாரம் தெரியுமே." "தெரிஞ்சாத் தெரியட்டும்கறாரு. அறுந்திருக்கோணும், அதான் முக்கியம்கறாரு. நாளைக்கு வந்து பாருங்ணா, வெசனப்படாதீங்க." வைத்துவிட்டான்.

என்னாச்சுப்பா என்றாள் வாணி. அவள் முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது, வீட்டிலிருந்து கிளம்பியபின் முதல் தடவையாக. ஒண்ணுமில்லை என்று சொல்ல வாயெடுத்தார், எத்தனை ஒண்ணுமில்லைதான் சொல்வது. கழுகின் கதையைச் சொன்னார், கிரீடம் அரிவாள் சுத்தி எல்லாம் சொல்லி, கடைசியில் சங்கிலியைச் சொன்னார், நான் ஒட்டிட்டேன் சாமி என்றார். வாணி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவரும் சிரிக்கப் போனார், அதற்குள் அது நின்றுவிட்டது. "நாட்டுச் சின்னத்துலயே அப்படியே போட்டுக்கிட்டாங்களாப்பா? அறுந்ததை?" "ஆமா சாமி. கவர்மெண்டு காயிதத்துல, பாஸ்போர்ட்டுல எல்லாம் அதுதானாம்." அவள் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். பிறகு மெதுவாக, "யாரும் ஒண்ணும் சொல்லலியாப்பா?" என்றாள். யார் என்ன சொல்வார்கள், ஒரு நாடே அறுத்துக்கொண்டு வந்து நெஞ்சில் குத்திக்கொண்டு திரிகிறது, எந்தப் பக்கத்து வீட்டுக்காரி விரலை மடக்குகிறாள். குண்டடம், குண்டடம் எறங்கறவங்கல்லாம் முன்னால வாங்க என்று கண்டக்டர் குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். இன்னும் கொஞ்ச தூரம்தான். இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்க முடியாது, அது சென்னியப்பனுக்குத் தெரிந்தது.

"அம்மணி, அந்தக் கொடி எப்படி அறுந்துச்சு?" என்றார்.

வாணி பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டினாள். மாப்பிள்ளைதான் இழுத்தாரா, சொல்லு, அடிச்சாரா என்று அவர் உள்ளுக்குள் அடுக்கிக்கொண்டே போனார், எந்தப் பதில் வந்தாலும் தாங்குவதற்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பதில் வரவில்லை. "நானேதாம்பா அறுத்தேன்," என்றாள். "மாமியாரோட பாக்குவெட்டி இருந்துச்சு. அன்னைக்கு அவங்க கோயிலுக்குப் போற அவசரத்துல தாழ் போட மறந்துட்டாங்க. கெளம்பறதுக்கு முன்னாடி அதுல வெச்சு அறுத்தேன்." பாக்குவெட்டி. ஆசாரி சொல்ல வந்தது இதைத்தான், முனை பாருங்க என்றாரே. "கழட்டி வெச்சுட்டு வந்திருக்கலாமே சாமி," என்றார். அவள் அவரைப் பார்த்தாள். கோபம் கூட இல்லை அந்தப் பார்வையில். "கழட்டுனா மறுபடியும் எடுத்து மாட்டிவிட்டுருவீங்கப்பா. அதான் அறுத்தேன்." பை வாரை விரலிலிருந்து அவிழ்த்துக்கொண்டே, "நீங்க அதையும் ஒட்டிக் கொண்டாந்துட்டீங்க," என்றாள்.

பஸ் குண்டடத்தில் நின்றது. கண்டக்டர் விசில் கொடுத்தார். டீக்கடை நிழலில் வெள்ளைக் காரின் மேல் சாய்ந்துகொண்டு சபரிநாதன் நின்றிருந்தார், பஸ்ஸைப் பார்த்ததும் நிமிர்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜன்னல் ஜன்னலாகத் தேடினார். இவர்களைக் கண்டதும் சிரித்தார். நல்ல சிரிப்புதான், அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. வாணி எழுந்துவிட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வழிவிடுங்கப்பா என்றாள், அதுதான் சென்னியப்பனுக்குத் தாங்கவில்லை, அவளே எழுந்துகொண்டது, கழுத்தைக் குனிந்து காட்டினாளே அதே மாதிரி. இறங்கினால் இன்றைக்குச் சாப்பாடு போடுவார்கள், கையைப் பிடித்துக்கொண்டு சவுக்கியம் கேட்பார்கள், கடைசி பஸ்ஸில் வீடு போனால் ருக்மணி நிம்மதியாகப் பெருமூச்சு விடுவாள். இறங்காவிட்டால் மாப்பிள்ளை என்ன செய்வார், சம்பந்தி வீட்டு ஆட்கள் எத்தனை பேர் வருவார்கள், இந்தப் பிள்ளையின் மீதிக் காலம் எப்படிப் போகும், ஊர் என்ன சொல்லும், நாளைக்கு வேலை இருக்குமா, எதற்கும் பதில் தெரியவில்லை. "உக்காரு அம்மணி," என்றார். அவள் புரியாமல் நின்றாள். பையின் வாரைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "ஏனுங்க, குண்டடம் வந்தாச்சு, எறங்கலீங்களா? வண்டி நிக்காதுங்க," என்று கண்டக்டர் சத்தம் போட்டார். "தாராபுரத்துக்கு ரெண்டு குடுங்க," என்றார் சென்னியப்பன். "தாராபுரத்துல எங்கப்பா?" என்றாள் வாணி. "தெரியலை சாமி. போய்ப் பாத்துக்கலாம்." கண்டக்டர் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார். பஸ் நகர்ந்தது. சபரிநாதனின் சிரிப்பு ஜன்னலோடு இரண்டு எட்டு கூடவே நடந்து வந்து, நின்று, பின்னால் போனது.

அடுத்த நிமிசம் போன் அடித்தது. யாருப்பா என்றாள், பார்க்காமலே அவளுக்கும் தெரியும். சென்னியப்பன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "எடுத்து என்ன சொல்லட்டும்? நீ சொல்லு," என்றார். கல்யாணம் பேசும்போது கேட்காதது, போகும்போது கேட்காதது, வந்தபோதும் கேட்காதது. வந்த அன்றைக்குச் சொன்னதைத்தான் சொன்னாள், வரமாட்டேன்னு சொல்லிருங்கப்பா. போன் அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். ஏனுங் மாமா, பஸ்ஸுல தூங்கிட்டீங்களா என்று அந்தப் பக்கம் தேன் ஒழுகியது. "இல்லீங்க மாப்பிள்ளை. வாணி வரமாட்டாளுங்க," என்றார். இதுவரை அவர் கேட்டிராத ஒரு குரலில் மாப்பிள்ளை கத்த ஆரம்பித்தார், பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, வாணி பையைக் கட்டிக்கொண்டு ஒடுங்குகிற அளவுக்கு. சென்னியப்பனின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தொடையில் முறுக்கத் தொடங்கியிருந்தன. கையை விரித்து மகளின் கை மேல் வைத்து அழுத்திக்கொண்டார். மாப்பிள்ளை கத்தி முடிக்கிற வரைக்கும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முடித்ததும், அதையே இன்னொரு தரம் சொன்னார்.